நொக்தே முதல் கோரம் வரை: அன்றாடப் பேச்சில் லத்தீனைச் சிரிப்போடு கலக்க ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ஒழுங்கையின் முனையில் உள்ள வீட்டுக் கேற்றில் "நாய் கவனம்" என்ற தகரப் பலகை பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. அதன் கீழே அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளைப் பெயின்றால் "கவே கனெம்" என்று எழுதி வைத்திருக்கிறது. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரத்தில், ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலியால் கட்டிய நாயின் உருவத்தைச் சிறு கற்களால் பதித்து, அதன் காலடியில் இதே இரண்டு லத்தீன் சொற்களை வைத்திருந்தார்கள். பொருளும் அதுவேதான்: நாய் இருக்கிறது, கவனம். 'கவே' என்ற அவர்களுடைய சொல்லுக்கும் 'கவனம்' என்ற நம்முடைய சொல்லுக்கும் உறவு கிடையாது; ஒலி தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. ஆனாலும் தெருவால் போகிறவர்கள் நின்று, இரண்டு வரிகளையும் மாறி மாறி வாசித்து, பொருள் பிடிபட்டதும் சிரித்துக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சிரிப்பை உண்டாக்க விரும்பும் புதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். லத்தீன் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு தொடர்களும், அவற்றை எங்கே வைப்பது என்ற நிதானமும் போதும்.

இந்த நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். லத்தீன் என்றதும் நம்மவர் மனதில் எழுவது நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கோயில் பூசை, பாடசாலைச் சின்னம் ஆகியவைதான். அத்தனை கனமான ஒரு சொல்லைத் தேங்காய் துருவுவது, இரவல் ஏணி கேட்பது போன்ற சின்னஞ்சிறு காரியத்தின் மேல் ஏற்றும்போது, கனத்துக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே சிரிப்பைக் கொண்டுவருகிறது. கேட்பவருக்குச் சொல்லின் கனமும் தெரியாமல், காரியத்தின் சிறுமையும் புலப்படாமல் போனால் அங்கே நகைச்சுவை இல்லை. புரியாத மொழியில் ஒருவர் பேசினார் என்ற மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆகவே கேட்பவருக்கு ஏற்கனவே பாதியாவது சொந்தமான சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதற்படி: வீட்டில் உள்ள லத்தீனைத் தேடி எடுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் லத்தீன் நாம் எண்ணுவதைவிட அதிகமாகப் புழங்குகிறது. 1628 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள்; 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம் இன்றும் இந்த நாட்டுச் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாக இருக்கிறது, அதனோடு சட்டத்தரணிகளின் வாயில் லத்தீனும் இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன் பீடத்தில் ஒலித்தது லத்தீன்தான். ஆனால் நீங்கள் தேட வேண்டிய முதல் இடம் இவற்றைவிட மிக அருகில் இருக்கிறது: அது அம்மம்மாவின் கிளினிக் கொப்பி.

அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயருக்கு எதிரே 'பி.டி.' என்று இருந்தால் அது 'பிஸ் தியே', நாளுக்கு இரண்டு தடவை. 'ரி.டி.எஸ்.' என்பது 'தேர் தியே சூமெந்தும்', நாளுக்கு மூன்று தடவை எடுக்கவேண்டியது. 'பி.சி.' என்பது 'போஸ்த் கிபும்', சாப்பாட்டுக்குப் பின். 'மானே' என்றால் காலையில். 'நொக்தே' என்றால் இரவில். எங்கள் அம்மம்மாவுக்குப் பிரசர் குளிசை எழுதிக் கொடுத்த நாளில், நீல மையில் சற்றுச் சாய்ந்து கிடந்த அந்தக் கடைசிச் சொல் என்னவென்று அவர் கேட்டார். "நொக்தே, அம்மம்மா. ராவைக்கு எண்டு அர்த்தம்" என்றேன். இரண்டு நாள் கழித்து நான் இருட்டியும் வெளியில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, உள்ளிருந்து குரல் வந்தது: "மகனே, நொக்தே ஆகிற்று, கேற்றைப் பூட்டிற்று வா." கிளினிக் கொப்பியில் குளிசைக்காக இருந்த சொல்லை அவர் கேற்றுக்கும் பூட்டுக்கும் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இன்றுவரை இருட்டுவதற்குப் பெயர் நொக்தே ஆவதுதான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருந்தின் அளவும் நேரமும் பற்றிப் பேசும்போது விளையாட்டு வேண்டாம், அதைத் தெளிந்த தமிழில் சொல்லி, விளங்கியதா என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகே சொல்லை வேடிக்கைக்கு எடுக்க வேண்டும்.

அடுத்த புதையல் நம்முடைய சங்கக் கூட்டங்களில் கிடக்கிறது. வாசகர் வட்டமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ எதுவானாலும், போதிய ஆட்கள் வராவிட்டால் செயலாளர் எழுந்து "கோரம் இல்லை" என்று அறிவிப்பார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அவர்களுள்' என்பதாகும். இங்கிலாந்தில் நீதிபதிகளை நியமித்த ஆணைகளில் 'அவர்களுள் இன்னார் இருந்தே ஆகவேண்டும்' என்று வந்த வாசகத்திலிருந்து அது கூட்டத்தின் நிறைவெண்ணுக்குப் பெயராயிற்று. தமிழில் கோரம் என்றால் அச்சம் தரும் தோற்றம். ஒருமுறை நாங்கள் ஏழுபேர் மட்டும் வந்திருந்த கூட்டத்தில் செயலாளர் "கோரம் இல்லை" என்று சொல்ல, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் முகங்களை நிதானமாகச் சுற்றிப் பார்த்து, "ஓம், எல்லாரும் லட்சணமாத்தான் இருக்கிறீங்க" என்றார். இரண்டு மொழிகளும் ஒரே ஒலியில் சந்திக்கும் இத்தகைய இடங்களே இந்தக் கலையின் உச்சம். அவற்றை வேறு மொழியில் இருந்து கடன் வாங்க முடியாது, நம் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பஸ்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஒம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்தது பஸ். காலையில் கல்முனை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஐந்து தொடர்களை மட்டும் தெரிவு செய்யுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே இரவில் ஐம்பது தொடர்களை மனனம் செய்து மறுநாளே எல்லாவற்றையும் இறைப்பதாகும். ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் வழக்கில் உள்ள பொருளோடு சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளையும் தெரிந்து வைத்திருங்கள், ஏனெனில் வேடிக்கை பெரும்பாலும் நேர்ப்பொருளில்தான் ஒளிந்திருக்கிறது.

நான் முதலில் பரிந்துரைப்பது 'சினே தியே'. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ அடுத்த அமர்வுக்குத் திகதி குறிக்காமல் ஒத்திவைப்பதை இப்படிச் சொல்வார்கள். நேர்ப்பொருள் 'நாள் இல்லாமல்'. உங்கள் மண்வெட்டியை இரவல் வாங்கிய மச்சான் "நாளைக்குத் தாறன்" என்று ஆறாவது தடவை சொல்லும்போது, "வழக்கு சினே தியே ஒத்திவைக்கப்படுகிறது" என்று தீர்ப்பு வழங்கினால், கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து, மண்வெட்டியும் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டாவது 'சினே குவா நோன்', 'எது இல்லாமல் முடியாதோ அது'. பிட்டுக்கு என்ன சினே குவா நோன் என்று ஒரு வீட்டில் கேட்டுவிட்டால், மீன் குழம்பென்றும் கட்டித் தயிரும் வாழைப்பழமும் என்றும் அரைமணி நேரம் வாதம் நடக்கும். மூன்றாவது 'ஃபெஸ்தினா லெந்தே', 'மெல்ல விரை'. உரோமப் பேரரசர் அகஸ்துஸுக்குப் பிடித்த அறிவுரை, அவர் அதைக் கிரேக்கத்தில் சொல்வாராம். நான்காவது 'கவேயாத் எம்ப்தோர்', 'வாங்குபவர் கவனம்'. கேற்றில் எழுதிய 'கவே' இங்கேயும் வருவதைக் கவனியுங்கள். ஒன்றைப் படித்தால் மற்றொன்று தானாகவே நினைவில் நிற்கும். ஐந்தாவதை உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப நீங்களே தெரிவு செய்யுங்கள். உங்கள் பாடசாலைச் சின்னத்தில் லத்தீன் வாசகம் இருந்தால் அதையே எடுங்கள். பத்துப் பதினொரு வருடம் சட்டைப் பையில் சுமந்துவிட்டுப் பொருள் தெரியாமல் இருப்பது எனக்குக் கவலை தருகிறது.

எழுவான்கரை, படுவான்கரைக்காரருக்கு ஒரு பரிசும் வைத்திருக்கிறேன். கிழக்கை லத்தீனில் 'ஓரியென்ஸ்' என்பார்கள், அதாவது எழுவது; மேற்கை 'ஒக்கிதென்ஸ்' என்பார்கள், அதாவது விழுவது, படுவது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் சூரியனைப் பார்த்து நம் முன்னோர் வைத்த பெயர்களின் பின்னால் இருக்கும் அதே நினைப்புத்தான் உரோமரிடமும் இருந்திருக்கிறது. மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் படிப்பிக்கப் போகும் என் சினேகிதியை நாங்கள் "ஒக்கிதென்ஸ் ரீச்சர்" என்று அழைக்கிறோம். அவருக்கு அந்தப் பெயரில் பெருமைதான்.

மூன்றாம் படி: உச்சரிப்பைத் தமிழ்க் காதால் பழகுங்கள்

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. லத்தீனில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஒற்று இரட்டித்தாலும் பொருள் மாறும். 'அன்னுஸ்' என்றால் ஆண்டு, 'அனுஸ்' என்றால் கிழவி. புத்தாண்டு வாழ்த்தில் ஒரு 'ன்' குறைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். கலை, கல்லை என்ற வேறுபாட்டைச் சிறுவயதிலேயே கேட்டுப் பழகிய நமக்கு இது சிரமமாக இராது. லத்தீன் சொல்லில் வருவது 'த' வா 'ட' வா என்ற குழப்பத்துக்கும் விடை எளிது: நம்முடைய 'த' போலவே நாக்கைப் பல்லில் தொடுங்கள்.

ஒரே ஒரு முடிவை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். பழைய உரோமர் உச்சரித்த முறை என்று அறிஞர்கள் கொள்வது ஒன்று, கோயில் வழியாக வந்த முறை மற்றொன்று. கி.மு. 47 இல் சேலா என்ற இடத்தில் வெற்றிபெற்ற யூலியஸ் சீசர் சொன்னதாக வரும் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்பதைக் கோயில் முறையில் 'வேனி, வீதி, வீச்சி' என்பார்கள். பழைய முறையில் கடைசிச் சொல் 'வீக்கி' போல வரும். நான் இங்கே கோயில் முறையைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் நடுவில் வரும் 'வீதி' நமக்கு ஒரு கொடை. மழைக்குப் பிறகு வெள்ளம் நிற்கும் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த என் தம்பி, வாசலில் நின்று "வேனி, வீதி... அதோட சரி, வெல்ல ஏலாது" என்றான். எந்த முறையை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். பிறர் மற்ற முறையில் சொன்னால் திருத்த வேண்டாம்.

நான்காம் படி: இடத்தையும் ஆளையும் அளந்து சொல்லுங்கள்

கவேயாத் எம்ப்தோரை வைத்து இதை விளக்குகிறேன். மீன் சந்தையில் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரரின் முகத்துக்கு நேரே அந்தத் தொடரைச் சொன்னால், அவர் பொருள் கேட்பார். பொருளைச் சொன்னால், அவருடைய மீனை நீங்கள் சந்தேகிக்கிறீர்கள் என்று ஆகிவிடும். விடியற்காலையிலிருந்து வெயிலில் நிற்கும் ஒருவருக்கு அது அவமரியாதை. அதையே மீன் வாங்க முதன்முதலாக அனுப்பப்படும் உங்கள் மகனின் கையில் உமலைக் கொடுக்கும்போது நெற்றியில் கைவைத்து ஆசீர்வாதம்போலச் சொன்னால், அவனும் சிரிப்பான், மீனையும் பார்த்து வாங்குவான். சொல் ஒன்றுதான், சிரிப்பின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதே வேறுபாடு. அது உங்கள் தலையிலோ, உங்களோடு உரிமையாகப் பழகுபவரின் தலையிலோதான் இறங்க வேண்டும்.

தமிழ்ப் பொருளை உடனே கூடவே சொல்லிவிடுவது எனக்குக் கட்டாய விதி. போன மாதம் ரயிலைப் பிடிக்க ஓட்டோவில் போகும்போது, கல்லடிப் பாலத்தில் அந்தத் தம்பி மிக வேகமாக முந்திப் போனார். "தம்பி, ஃபெஸ்தினா லெந்தே" என்றேன். கண்ணாடியில் பார்த்து, "என்னண்ணே?" என்றார். "மெல்ல விரை எண்டு அர்த்தம். அகஸ்துஸ் எண்ட ராசா சொல்லுவாராம்." அவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "அந்த ராசாக்கு ட்ரெயின் பிடிக்கிற வேலை இருந்திருக்காது" என்றார். என்னுடைய லத்தீனைவிட அவருடைய பதில் நல்ல நகைச்சுவை. பொருளைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது. மற்றவர் திருப்பி அடிக்க இடம் வைத்துப் பேசுவதுதான் இதில் இன்பம்.

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம் நண்பர்களோடு பேசும்போது 'தேயோ வொலெந்தே' என்ற தொடர் கைகொடுக்கும். 'இறைவன் விரும்பினால்' என்பது அதன் பொருள். "இன்ஷா அல்லாஹ்" என்று அவர்கள் சொல்வதற்கு நேரானது. இதை வேடிக்கையாகப் பயன்படுத்துவதில்லை. அது உறவைக் காட்டும் சொல் என்பதால் அந்த மரியாதையோடு சொல்லுங்கள்.

எந்தச் சொற்களைத் தொடக்கூடாது

இதை நான் மிகவும் கருதி எழுதுகிறேன். பிற ஊர்க்காரர் 'ஹேபியஸ் கோர்புஸ்' என்ற தொடரை வைத்து விளையாடுவார்கள். தொலைந்த செருப்பை முன்னிலைப்படுத்து என்பதுபோல. நம் மாவட்டங்களில் அது, பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. 1990 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் உட்பட, பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்தபடி இன்னும் பதில் தேடும் தாய்மார் நம் அயலில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்தச் சொல் விளையாட்டாக விழவே கூடாது. 'அமைதியில் இளைப்பாறுக' என்ற பொருளுடைய 'ரெக்குயியெஸ்காத் இன் பாச்சே' என்பதன் முதலெழுத்துகளையே கல்லறைகளிலும் அஞ்சலிப் பிரசுரங்களிலும் காண்கிறோம். உடைந்த கைப்பேசிக்கு அதைச் சொல்லிச் சிரிப்பது வேறு ஊர்களில் வழக்கமாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனைக் கரையோரத்திலும் எத்தனை வீடுகள் வெறுமையாயின என்று தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

'மேயா குல்பா' இடைநிலையில் நிற்கிறது. "என் பாவமே, என் பாவமே, என் பெரும்பாவமே" என்று மூன்று தடவை நெஞ்சில் தட்டிச் சொல்லும் மன்றாட்டின் லத்தீன் வடிவம் அது. தேங்காய் வாங்க மறந்து வந்த கணவர் வீட்டு வாசலில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு அதைச் சொல்வதில் குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். தாண்டவன்வெளியில் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பாட்டியே அப்படிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த மன்றாட்டு உங்களுடையதாக இல்லாவிட்டால், அவர்கள் தொடங்கும்வரை பொறுத்திருங்கள்.

ஐந்தாம் படி: எழுதும்போது இரண்டு மடங்கு கவனம்

பேச்சில் விட்ட பிழை காற்றோடு போகும், அச்சில் விட்டது போகாது. என் மச்சாளின் கலியாணக் கார்ட்டை அச்சிடக் கொடுத்தபோது, அச்சகத்தில் இருந்து வந்த மாதிரிப் பிரதியின் அடியில், இரு வீட்டுப் பெரியோரின் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் 'லோரெம் இப்சும் தோலோர்' என்று அழகான எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. பெரிய மாமா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, மாப்பிள்ளை பகுதி கத்தோலிக்கர் என்பதால் அது லத்தீன் ஆசீர்வாதமாக இருக்கும் என்று முடிவு செய்து, "நல்லாயிருக்கு, அப்படியே விடுங்கோ" என்று சொல்லிவிட்டார். அது அச்சகத்தார் எழுத்துகளின் அமைப்பைப் பார்ப்பதற்காக இடத்தை நிரப்பி வைக்கும் பொருளற்ற வாசகம். கி.மு. 45 இல் சிசெரோ எழுதிய ஒரு மெய்யியல் நூலில், துன்பத்தைத் துன்பத்துக்காகவே விரும்புபவர் எவருமில்லை என்று வரும் பகுதியிலிருந்து சிதைத்து எடுத்தது. 'தோலோரெம்' என்ற சொல்லின் தலையை வெட்டியதால் 'லோரெம்' ஆயிற்று. அதாவது, துன்பம். கலியாணக் கார்ட்டில் துன்பம் அச்சேறுவதற்கு ஒருநாள் முன்பு பிடித்துவிட்டோம். மாமாவுக்குப் பொருளைச் சொன்னபோது முதலில் திகைத்து, பிறகு வீடே அதிரச் சிரித்தார்.

ஆகவே அச்சிலோ பலகையிலோ ஓட்டோவின் பின்புறத்திலோ லத்தீன் எழுத முன், இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிப் புதிதாக வாக்கியம் ஆக்காதீர்கள். லத்தீனில் சொல்லின் ஈறு மாறினால் செய்தவர் செய்யப்பட்டவர் ஆகிவிடுவார். பலகாலம் வழங்கிவரும் தொடரை மட்டும் எடுத்து, விடயம் தெரிந்த ஒருவரிடம், ஒரு குருவானவரிடமோ சட்டத்தரணியிடமோ, காட்டிவிட்டு எழுதுங்கள்.

சொந்தமாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தால், தாவரங்களின் அறிவியற் பெயர்கள் பாதுகாப்பான வழி. அவை ஏற்கனவே பிழையின்றி ஆக்கப்பட்டவை, அவற்றுக்குள் நம்முடைய சொற்களும் இருக்கின்றன. முருங்கையின் 'மொரிங்கா ஒலெயிஃபெரா' என்ற பெயரில் முதற்சொல் நம்முடைய முருங்கையேதான். இரண்டாவது 'எண்ணெய் தருவது'. மாமரத்தின் 'மங்கிஃபெரா' என்பது மாங்காய் சுமப்பது. தென்னை 'கோகோஸ் நூகிஃபெரா', கொட்டை சுமப்பது. நம் மணல் நிலத்தில் நன்றாக வளரும் மரமுந்திரிகைக்கு 'ஒக்கிதெந்தாலே' என்று ஒரு பகுதி உண்டு, நேராகச் சொன்னால் படுவான் பக்கத்தது. சென்ற விடுமுறையில் என் மகள் பலகைத் துண்டுகளில் இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வளவில் உள்ள மரங்களில் கட்டினாள். இரண்டு நாள் பலகையை உற்றுப் பார்த்தபடி போன அயல்வீட்டு மாமி, மூன்றாம் நாள் வேலியருகே வந்து, மகளைக் கூப்பிட்டு, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "புள்ள, சுண்டுறதுக்கு ஒரு பிடி மொரிங்கா ஒலெயிஃபெரா ஒடிச்சுத் தாறியா?"